வினாடிக்கு 14,400

மொன்றியால் தீவின் மேற்கு முனையில், கால்வாயை ஒட்டிய சிற்றூர் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. கோடையில் கால்வாய்க் கதவு திறக்கக் காத்திருக்கும் படகுகளைப் பார்த்தபடி ஆட்கள் சாப்பிடுவார்கள். உள்ளே நாங்கள் கோப்பை கழுவுவோம். எங்கள் நிலக்கீழ் அறையில், முன்பு அங்கிருந்த அண்ணர் ஒருவர் விட்டுப்போன மடிக்கணினி கிடந்தது. பக்கத்தில் ரெலிபோன் வயர் செருகும் ஓட்டை. 2004இல் அதை லினக்ஸில் இயங்கவைக்கத் தான் பட்ட பாட்டை அவர் ரெலிபோனில் சொன்னார். பாதியில் விட்ட படிப்பின் மிச்சத்தை வைத்து நாங்கள் தேடியறிந்தது இது.

மொடெமின் வேலை எண்களை ஒலியாக்கிக் கம்பியில் அனுப்புவதும், வரும் ஒலியைத் திரும்ப எண்களாக்குவதும். ஆரம்பத்தில் இதற்கெனத் தனிச் சில்லுகள் மொடெமுக்குள்ளேயே இருந்தன. தொண்ணூறுகளின் பிற்பாதியில் விலையைக் குறைக்க, அவ்வேலையைக் கணினியின் தலையிலேயே கட்டினார்கள். சமையற்காரரை நிற்பாட்டிவிட்டுக் கோப்பை கழுவுபவனையே கறியும் காய்ச்சச் சொல்லும் சிக்கனம், எங்களுக்குப் புதிதல்ல. அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. 'வின்மொடெம்' என்ற பெயர் அப்படி வந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸில் அது ஊமை.

1999இல் ரொக்வெல்லிலிருந்து பிரிந்த கொனெக்ஸன்ட்டின் சில்லுகளுக்கு, கியூபெக்கைச் சேர்ந்த லினக்ஸன்ட் நிறுவனம் லினக்ஸ் இயக்கியைக் கொடுத்தது. வெளி ஓடு திறந்த மூலநிரல், உள்ளீடு பூட்டப்பட்டது. இலவசமாக எடுத்தால் வினாடிக்கு 14,400 பிட்டுகள். 56,000 வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். 14,400 என்பது 1991இன் தர வேகம். காசில்லாதவனைப் பதின்மூன்று வருடம் பின்னுக்குத் தள்ளிய கணக்கு.

லினக்ஸின் கரு, தனக்குள் வரும் ஒவ்வொரு துண்டிடமும் உரிமம் கேட்கும். பூட்டிய துண்டு வந்தால் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும். 2004 ஏப்ரலில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. லினக்ஸன்ட்டின் உரிம வரியில் 'ஜிபிஎல்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு பூச்சிய எழுத்து இருந்தது. சி மொழியில் பூச்சியம் வந்தால் வாக்கியம் முடிந்தது. ஆகவே கரு அதோடு வாசிப்பை நிறுத்தியது. திறந்த கோப்புகளுக்கு மட்டுமே அந்த உரிமம் என்ற மிச்சம் கண்ணில் படவில்லை. திரும்பத் திரும்ப வரும் எச்சரிக்கையைத் தவிர்க்கவே அப்படிச் செய்ததாக நிறுவனம் விளக்கியது. இருக்கலாம். அகதிப் படிவத்தில் ஒரு சொல்லை விழுங்கியதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். எங்களால் அதைச் சிரித்துக் கடக்க முடியவில்லை.

ஆனாலும் அந்த இயக்கி இல்லாவிட்டால் அண்ணருக்குக் கம்பியே இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு வந்த இரவுகளில், அதே இலவச வேகத்தில்தான் அவர் முல்லைத்தீவைத் தேடினார். நூறு கிலோபைட் படம் ஒன்று இறங்க ஒரு நிமிடம் செல்லும். மேலிருந்து வரிவரியாக வரும்: முதலில் வானம், பிறகு தென்னை, கடைசியில்தான் கரை.

ஜனவரியில் காசு கட்டினாராம். ரசீது மடிக்கணினிப் பைக்குள் இன்னும் இருக்கிறது.