வாளுக்கும் எழுதுகோலுக்கும் உரியவர்: மஹ்மூத் ஸாமீ அல்பாரூதீ

நவீன அரபுக் கவிதையின் மறுமலர்ச்சியைப் பேசுவோர் அல்பாரூதீயைக் கவிஞராகவே அறிமுகப்படுத்துவர். ‘ரப்புஸ் ஸைஃபி வல்கலம்’, அதாவது வாளுக்கும் எழுதுகோலுக்கும் உரியவர் என்னும் அவரது சிறப்புப் பெயரின் முற்பாதி மறக்கப்பட்டுவிடுகிறது. ஆயினும், அவர் எகிப்தின் தலைமை அமைச்சராக இருந்த நான்கு மாதத்திற்கும் குறைந்த காலமே அவரது எஞ்சிய வாழ்வைத் தீர்மானித்தது. எனவே அப்பாதியை நாம் சற்று நோக்குவோம்.

1839-இல் கெய்ரோவில் சர்க்காசிய வழிவந்த குடும்பத்தில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். இராணுவப் பள்ளியில் பயின்று 1855-இல் வெளிவந்தார். இஸ்தான்புல்லில் பணியாற்றியபோது துருக்கிய, பாரசீக இலக்கியங்களைக் கற்றார். கிரீட் தீவுக் கிளர்ச்சியிலும், 1877–78 ரஷ்யப் போரிலும் உஸ்மானியர் பக்கம் நின்று பொருதார். பின்னர் வக்ஃபு அமைச்சராகி, 1881-இல் போர் அமைச்சரானார்.

அக்காலை எகிப்தின் வருவாயில் ஏறத்தாழப் பாதி, அந்நியக் கடனுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய பாதியின் மீதேனும் வாக்களிக்கும் உரிமை வேண்டுமெனப் பிரதிநிதிகள் சபை கோரியது. பிரிட்டனும் பிரான்சும் அதனை எதிர்த்தன. இடையில் சிக்கிய ஷரீஃப் பாஷா விலகவே, 1882 பிப்ரவரி 4-இல் அல்பாரூதீ அமைச்சரவை அமைத்தார். அஹ்மத் உராபீ பாஷா போர் அமைச்சரானார். சில நாட்களிலேயே சபையின் கோரிக்கையை ஏற்கும் அடிப்படைச் சட்டம் வெளியாயிற்று.

கோரிக்கை சபையினுடையது, அதனைத் தாங்கி நின்றதோ படை. இதனால், மக்கள் உரிமைக்கான முயற்சியைப் படைக் கலகமெனச் சித்திரிப்பது அந்நியர்க்கு எளிதாயிற்று. சதி செய்ததாகச் சர்க்காசிய அதிகாரிகள் சுமார் நாற்பதின்மரை இராணுவ நீதிமன்றம் சூடானுக்கு நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. தம் இனத்தார்க்கு எதிரான அத்தீர்ப்பின் பக்கமே அல்பாரூதீ நின்றார். கிதீவ் தவ்ஃபீக் தண்டனையைக் குறைத்தபோது அரண்மனையுடனான பிளவு முற்றியது. இரு வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியாவை அடைந்தன. மே 25-இல் இறுதி எச்சரிக்கை வந்தது. மறுநாள் அமைச்சரவை விலகியது. ஜூலை 11-இல் அந்நகர் மீது பிரிட்டிஷ் கடற்படை குண்டு பொழிந்தது. செப்டம்பர் 13-இல் தல்லுல் கபீர் போரில் எகிப்தியப் படை வீழ்ந்தது.

உராபீ உள்ளிட்ட அறுவருடன் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட அல்பாரூதீ, 1883 ஜனவரியில் கொழும்பை அடைந்தார். பிற்காலத்தில் கண்டியில் வாழ்ந்தார். மனைவி தாயகத்தில் மறைந்த செய்தி இலங்கையில் இருந்தபோதுதான் அவரை எட்டியது. அத்துயரில் பிறந்த இரங்கற்பா அரபு இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. பார்வை மங்கிய நிலையில் 1899-இல் நாடு திரும்பி, 1904-இல் மறைந்தார். அப்பாஸியர் காலக் கவிஞர் முப்பதின்மரின் கவிதைகளைத் திரட்டிய ‘முக்தாராத்’ அவரது மறைவுக்குப் பின்னரே அச்சேறியது.

படையைச் சாராதிருந்தால் அவர் வென்றிருப்பார் எனக் கூற நமக்குத் துணிவில்லை. சபைக்கு வேறு துணை இருக்கவில்லை. துணையாக வந்த வாளே பழிக்கும் காரணமாயிற்று என்பதே அவ்வாட்சியின் அவலம். 1883-ஆம் ஆண்டின் புதிய சட்டம் பிரதிநிதிகளைப் பெரும்பாலும் ஆலோசனை கூறுவோராகவே குறுக்கிவிட்டது. வரவுசெலவின் மீதான உரிமைக்கு எகிப்தியர் 1923-ஆம் ஆண்டின் அரசியலமைப்புவரை காத்திருக்க நேர்ந்தது.