பர்கண்டியின் வைன் வணிக இல்லங்கள்

கிழக்குப் பிரான்சின் பர்கண்டியில் திராட்சைத் தோட்டங்கள் துண்டு துண்டானவை. பிரெஞ்சுப் புரட்சியில் திருச்சபை நிலங்கள் விற்கப்பட்டன. நெப்போலியனின் 1804ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தை வாரிசுகளிடையே பங்கிட வைத்தது. சுமார் 50 எக்டேர் கொண்ட குளோ த வூஜோ தோட்டத்துக்கே இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். சில வரிசைக் கொடிகளே உள்ளவர் தனியாகப் புட்டியிலடைத்து விற்பது எளிதன்று. எனவே போன் நகர வணிக இல்லங்கள் செழித்தன: புஷார் (1731), லூயி லத்தூர் (1797), லூயி ஜாதோ (1859). பலரிடம் வாங்கிக் கலந்து, தம் பெயரில் விற்றன.

தென்பிரான்சின் அடர்ந்த வைனைக் கலந்து பர்கண்டி என விற்ற வணிகர்களும் இருந்தனர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப்பெயரை நிலத்தோடு பிணைத்தது. இவ்வில்லங்களின் மலிவான சிவப்பு வைன், வட்டாரப் பெயரான ‘பூர்கோஞ்’ என்பதையே தாங்கிவரும். பெரும்பாலும் பினோ நுவார் திராட்சையில் செய்யப்படுவது. ஒரே ஆண்டுப் புட்டிகளை அடுத்தடுத்துச் சுவைத்தால், தனித் தோட்டத்தின் மண்ணைவிட வணிகரின் கைப்பக்குவமே அதிகம் தெரியும்.