நிலம் நீங்கிய மலர்: லால்பாக் தாவர ஓவியங்களும் கருப்பொருள் வாசிப்பும்

மலரை மட்டுமே பொருளாகக் கொண்ட ஓவியத்திற்குப் பொருள் காண்பது எவ்வாறு என்னும் வினா ஓவிய வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் போருக்கும் மலரால் பெயரிட்ட தமிழ் மரபுக்கும் அது உரிய வினாவாகும். பெங்களூரு லால்பாக் தாவரவியற் பூங்காவில் ஜான் கேமரன் கண்காணிப்பாளராக விளங்கிய காலத்தில் (1874–1908) பணிபுரிந்தவர் ஓவியர் செலுவய்யா ராஜு. அவர் தீட்டிய தாவர ஓவியங்களை முன்வைத்து அவ்வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஐரோப்பிய மலரோவியங்களைக் குறியீடாகக் காணும் வழக்கம் வலுவானது. நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மவுரிட்ஷுயிஸ் அருங்காட்சியகத்தில் ஆம்ப்ரோசியஸ் போஸ்ஸார்ட் ஏறத்தாழ 1618இல் வரைந்த மலர்ச்சாடி ஓவியம் உள்ளது. துலிப், ரோஜா முதலாக வெவ்வேறு திங்களில் மலரும் பூக்கள் அதில் ஒரே சாடியில் நிற்கின்றன. இயற்கையில் ஒரே நாளில் அமைய இயலாத பூங்கொத்து அது. இத்தகைய ஓவியங்களில் காணப்பெறும் பூச்சி அரித்த இலையும் உதிர்ந்த இதழும் நிலையாமையைச் சுட்டுவன என்பர். அன்றாடப் பொருள்களில் குறியீடு மறைந்துள்ளது என்னும் பனோஃப்ஸ்கியின் கருத்து இவ்வாசிப்புக்கு வலுச் சேர்த்தது. இதற்கு மாறாக, டச்சு ஓவியம் கண்ணுக்குப் புலனாவதை விரித்துரைப்பதே அன்றிப் பொருளை மறைத்து வைப்பதன்று என 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் வாதிட்டார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும் என்பதில்லை. 1637இல் துலிப் கிழங்கின் விலை சரிந்தபோது அப்பூ செல்வத்தின் அடையாளமாகவும் நிலையாமையின் சான்றாகவும் ஒருசேர நின்றது.

தமிழ் மாணவர் மலரோவியம் ஒன்றைக் கண்டவுடன் செய்வதும் இதனை ஒத்ததே. காந்தள் என்றால் முருகன், வெட்சி என்றால் ஆநிரை கவர்தல் என விடை உடனே வந்துவிடுகிறது. வகுப்பறையில் இதனைப் பலமுறை கேட்டுள்ளேன். தொடக்கத்தில் நானும் அவ்வாறே கூறியதுண்டு. தொல்காப்பியம் இவ்வளவு எளிதாக விடை தருவதில்லை. அகத்தில் மகளிர் விரலுக்கு உவமையாகும் காந்தள் புறத்தில் வெறியாட்டோடு இயைந்த துறையாகிறது. உள்ளுறை உவமம் கருப்பொருளை நிலைக்களனாகக் கொள்வது. அவற்றுள்ளும் தெய்வம் விலக்கப்பட்டுள்ளது. எப்பொருளும் எதனையும் குறிக்கும் என்னும் உரிமை அங்கில்லை. கருப்பொருளோ முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் சார்ந்தே நிற்பது.

முதற்பொருள் ஏதுமின்றிக் கருப்பொருள் மட்டும் தனித்து நின்றால் என் செய்வது? தாவர ஓவியத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே. இவ்வகை ஏடுகளில் பின்புலம் வெண்தாள்; மண் இல்லை, வானம் இல்லை, நிழலும் அரிது. அரும்பும் மலரும் காயும் ஒரே தாளில் இடம்பெறும். ஓரத்தில் மகரந்தத்தாளும் சூலகமும் பிரித்துக் காட்டப்படும். ஆகவே பொழுதும் இல்லை. போஸ்ஸார்டின் சாடியில் பல பொழுதுகள் கலந்தன. இங்கே பொழுதே நீக்கப்பட்டது.

பிற நிலத்துப் பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராவிடினும், வந்த நிலத்தின் பயனையே தரும் என்கிறது அகத்திணையியல். கேமரன் கொணர்ந்த அயல்நாட்டுப் பயிர்களுக்கு இவ்விதி வியப்பூட்டும் வகையில் பொருந்துகிறது. நடு அமெரிக்கப் பகுதிக்குரிய சௌசௌ நம் அடுக்களையில் பெங்களூர்க் கத்தரிக்காய் ஆயிற்று. (இலக்கண விதிக்குக் காய்கறிக் கடையில் சான்று கிடைப்பது அரிது.) ஆயின் தாளுக்கு வந்த பூ எந்நிலத்தின் பயனைத் தரும்? அதனைப் பார்க்கவிருப்பவரின் நிலத்தையே கொள்ள வேண்டியுள்ளது. ராபர்ட் வைட் 1840 முதல் 1853 வரை வெளியிட்ட, 2101 படங்கள் கொண்ட இந்தியத் தாவரப் படத்தொகுதிக்கு ரங்கையாவும் கோவிந்துவும் வரைந்தனர். அப்படங்கள் நம் மலையையும் வயலையும் அறியாத ஐரோப்பிய அறிஞர் தம் மேசையில் வைத்து இனங்காண்பதற்கு உரியன. காண்பவர் நிலத்தை அறியாதவர் என்பதனாலேயே உறுப்புகள் அத்துணை நுட்பமாக விரிக்கப்பட்டன. வைட் 1853இல் ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்கு கோவிந்துயா எனப் பெயரிட்டார். பின்னர் அது வேறொரு பேரினத்துள் அடங்கியது.

குறிஞ்சிப்பாட்டை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடியது என அதன் அடிக்குறிப்பு கூறும். அதன் 99 மலர்களும் அயலானுக்கு விரித்த வரிசையே. குறிஞ்சிக்குரிய பாட்டில் முல்லையும் நெய்தலும் விரவி வருகின்றன. எனினும் அங்கே பூக்கள் வெண்தாளில் கிடப்பதில்லை. தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பாறையில், மழை பெய்த மலையில் கிடக்கின்றன. லால்பாக்கில் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்ட 1889ஆம் ஆண்டிலேயே உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். ஏட்டில் விடுபட்டிருந்த சில பூப்பெயர்களைத் தருமபுர ஆதீனச் சுவடியில் கண்டெடுத்ததைப் பின்னர் 'உதிர்ந்த மலர்கள்' என்னும் கட்டுரையில் விவரித்தார்.

செலுவய்யா ராஜுவின் ஏடுகளைக் குறியீட்டு அகராதி கொண்டு படிப்பதைவிட இப்பாட்டோடு எதிர்நிறுத்திப் படிப்பது பயனுடையது. பாட்டு காத்தவை பெயரும் நிலமும். அது காவாதது வடிவம். ஓவியம் காத்தது வடிவம். மோந்தால் குழையும் என்னும் செய்தியை அனிச்சத்திற்குத் திருக்குறள் காத்து வைத்தது. அனிச்சம் எச்செடி என்பதில் அறிஞர் இன்றும் ஒருமைப்படவில்லை. அதனை யாரேனும் ஒருவர் வரைந்திருந்தால் இதழ் எத்தனை என்பதை அறிந்திருப்போம். குழைந்ததை அறிந்திருக்க மாட்டோம்.