ஹேப்பின் ஆய்வு

ஹேப்பின் என்பது குவாதமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் ஒரே செயல்முறைப்படி நடத்தப்பட்ட பன்னாட்டு மருத்துவ ஆய்வு. விறகு, சாணம் போன்றவற்றை எரிக்கும் அடுப்பை விட்டுச் சமையல் எரிவாயுவுக்கு மாறினால் தாய், சேய், முதிய பெண்கள் ஆகியோரின் உடல்நலம் மேம்படுமா என்பதைக் கண்டறிவது இதன் நோக்கம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களும் கேட்ஸ் அறக்கட்டளையும் நிதி வழங்கின. எமரி பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிளாசன், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் பீல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் செக்லி ஆகியோர் இணைந்து தலைமை தாங்கினர். இந்தியப் பகுதியைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நடத்தியது. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்கள் அதன் களங்களாக இருந்தன.

பின்னணி

வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இத்தகைய மதிப்பீடுகள் பெரும்பாலும் அவதானிப்பு ஆய்வுகளைச் சார்ந்தவை. அவற்றில் ஒரு சிக்கல் உண்டு. விறகில் சமைக்கும் குடும்பத்துக்கும் எரிவாயுவில் சமைக்கும் குடும்பத்துக்கும் அடுப்பு மட்டும் வேறுபடுவதில்லை. வருமானம், உணவு, கல்வி, வீட்டின் அமைப்பு எல்லாமே வேறுபடுகின்றன. ஒரு குழந்தை எடை குறைந்து பிறந்தால் அதில் புகையின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். வீடுகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனையே இதற்கு வழி.

இத்துறையின் முதல் சமவாய்ப்புச் சோதனை பெர்க்லி பேராசிரியர் கிர்க் ஸ்மித்தின் தலைமையில் 2002 முதல் 2004 வரை குவாதமாலாவின் மேற்கு மலைப்பகுதியில் 534 வீடுகளில் நடந்தது. புகைபோக்கி வைத்த விறகடுப்பு குழந்தைகள் சுவாசித்த புகையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. கடுமையான நிமோனியா குறைந்தது. ஆனால் மருத்துவர்கள் கண்டறிந்த மொத்த நிமோனியாவில் தெரிந்த குறைவு புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. மலாவியில் விசிறி பொருத்திய அடுப்புகளைக் கொண்டு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2017இல் வெளியானபோது, நிமோனியாவில் எந்த வேறுபாடும் தென்படவில்லை. விறகையே எரிக்கும் அடுப்பை எவ்வளவு மேம்படுத்தினாலும் புகை போதிய அளவு குறையாது என்ற கருத்து வலுத்தது. எரிபொருளையே மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானதே ஹேப்பின்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே அடித்தளம் இருந்தது. கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனக் குழு கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. காற்றில் நுண்துகளின் அளவு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைவதாக அது காட்டியது.

வடிவமைப்பு

நாட்டுக்குச் சுமார் 800 என மொத்தம் 3,200 கர்ப்பிணிகள் 2018 மே முதல் 2020 பிப்ரவரி வரை சேர்க்கப்பட்டனர். 18 முதல் 34 வயதுக்குட்பட்டு, 9 முதல் 20 வாரக் கர்ப்பம் ஸ்கேனில் உறுதியானவர்களே தகுதி பெற்றனர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் 18 மாதங்களுக்குத் தேவையான எரிவாயுவும் இலவசமாக வீட்டுக்கே வந்தன. மற்றவர்கள் வழக்கமான அடுப்பிலேயே சமைத்தனர். பிறப்பு எடை, முதல் ஆண்டில் கடுமையான நிமோனியா, ஓராண்டு நிறைவில் வயதுக்கேற்ற உயரமின்மை, அதே வீட்டில் வாழும் 40 வயதைக் கடந்த பெண்ணின் ரத்த அழுத்தம் ஆகிய நான்கும் முதன்மை அளவீடுகள்.

களங்கள் வேண்டுமென்றே வேறுபட்டவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. பெருவின் பூனோ பகுதி டிட்டிகாகா ஏரியை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. மரம் அரிதான அங்கே சாணமே முக்கிய எரிபொருள். குவாதமாலாவின் ஹலாபா, ருவாண்டாவின் கயோன்சா, தமிழகக் களங்கள் ஆகியவற்றில் விறகே முதன்மை. தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகக் கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர். நான்கு இடத்திலும் ஒரே கேள்வித்தாள், ஒரே கருவி, ஒரே அளவீட்டு முறை என்பதே கூட்டு முயற்சியின் சாரம்.

அளவீடு

புகையை அடுப்படியில் அளக்காமல், அதைச் சுவாசிக்கும் ஆளிடமே அளந்தார்கள். கர்ப்ப காலத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம், பெண்கள் சிறிய கருவி பொருத்திய மேலங்கியை அணிந்தனர். மூக்குக்கு அருகில் உள்ள காற்றை அது உறிஞ்சி, நுண்துகளை மெல்லிய வடிதாளில் படியவைக்கும். வடிதாளை முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்தால் படிந்த துகளின் அளவு தெரியும். இந்திய மாதிரிகள் சென்னையிலேயே எடைபோடப்பட்டன. பழைய அடுப்பு மீண்டும் மூட்டப்படுகிறதா என்பதை அதில் பொருத்திய வெப்பப் பதிவி காட்டிக்கொடுத்தது. குழந்தைக்குக் கருவியை மாட்ட முடியாது. ஆகவே குழந்தையின் உடையில் சிறு புளூடூத் சமிக்ஞைக் கருவியை வைத்து, அது எந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை அறிந்து கணக்கிட்டனர்.

முடிவுகள்

எரிவாயு பெற்ற வீடுகள் அதை ஏறக்குறைய முழுமையாகப் பயன்படுத்தின. அந்த வீட்டுக் கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு கன மீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், வழக்கமான அடுப்பில் சமைத்தவர்களுக்கு 70.7 மைக்ரோகிராம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைவு.

உடல்நலப் பலன் அந்த அளவுக்கு வரவில்லை. 2022இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி சராசரிப் பிறப்பு எடை எரிவாயுப் பிரிவில் 2,921 கிராம், மற்ற பிரிவில் 2,898 கிராம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றது புள்ளியியல். 2024இல் அதே இதழில் மேலும் இரண்டு முடிவுகள் வெளியாயின. கடுமையான நிமோனியா 100 குழந்தை-ஆண்டுகளுக்கு எரிவாயுப் பிரிவில் 5.67 என்றும் மற்ற பிரிவில் 6.06 என்றும் அமைந்தது. இதுவும் உறுதியான வேறுபாடு அன்று. உயரமின்மை எரிவாயுப் பிரிவில் 27.4 சதவீதம், மற்ற பிரிவில் 25.2 சதவீதம்.

விளக்கங்கள்

பிரிவுகளை ஒப்பிடாமல், ஒவ்வொரு பெண்ணும் சுவாசித்த அளவை அவள் குழந்தையின் எடையோடு ஒப்பிட்டபோது படம் சற்று மாறியது. கல்பனா பாலகிருஷ்ணன் முதன்மை ஆசிரியராக 2023இல் வெளியிட்ட பகுப்பாய்வில், நுண்துகளும் கரித்துகளும் கூடுதலாக இருந்த இடத்தில் பிறப்பு எடை குறைந்திருந்தது. ஆனால் அந்தக் குறைவு சிறியது: முறையே சுமார் 15 கிராம், 22 கிராம் என்ற அளவில்.

பலன் குறைந்ததற்குப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. கர்ப்பத்தின் முதல் மாதங்கள் கடந்த பிறகே எரிவாயு வந்தது. கருவின் தொடக்க வளர்ச்சியில் நேர்ந்த பாதிப்பை அதனால் தடுக்க இயலாது. வீட்டில் புகை நின்றாலும் அண்டை வீட்டு அடுப்பு, எரிக்கும் குப்பை, சாலைத் தூசி ஆகியவை தெருக்காற்றில் தொடர்ந்தன. 23.9 என்பதே உலக சுகாதார நிறுவனம் 2021இல் நிர்ணயித்த ஆண்டு வரம்பான 5 மைக்ரோகிராமைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஊட்டச்சத்தும் தொற்றுநோயும் குழந்தையின் வளர்ச்சியைத் தனியே பாதிக்கின்றன.

முக்கியத்துவம்

முந்தைய சோதனைகள் பலன் காட்டாதபோது, அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை அல்லது புகை குறையவில்லை என்று சொல்ல இடமிருந்தது. ஹேப்பினில் இரண்டும் அளந்து நிறுவப்பட்டுவிட்டதால் அந்த விளக்கம் எடுபடாது. எரிவாயு பயனற்றது என்பதும் இதன் முடிவு அன்று. விறகு பொறுக்கும் உழைப்பும் அடுப்படிப் புகையும் குறைவது வேறு கணக்கு. கர்ப்பத்தின் நடுவில் ஒரு வீட்டுக்கு மட்டும் எரிவாயு தருவதால் பிறப்பு எடை, நிமோனியா, குழந்தையின் உயரம் ஆகியவை மாறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதே நான்கு நாட்டுத் தரவுகள் சொல்வது. கருவுறும் முன்பே தொடங்குவதா, ஊர் முழுவதும் ஒன்றாக மாறுவதா என்ற கேள்விகள் இனிவரும் ஆய்வுகளுக்கு உரியவை.