பாலம், பாதை, தாய்வீடு

நம் பாடசாலையும் கல்லடிப் பாலமும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர். 1924இல் அந்த லேடி மனிங் பாலம் அமைந்தது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை வந்தடைந்தது. பெண்பிள்ளைகளின் விஞ்ஞானக் கல்வி பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பாலம்தான். இந்த வாவிக்கரையில் ஒரு பெண் என்ன படிப்பாள் என்பதை அவளது கெட்டித்தனத்தைவிட, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போக விடுவார்கள் என்பதே நெடுங்காலம் தீர்மானித்தது.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இலேயே பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் ஒழிந்தது, தூரம் ஒழியவில்லை. உயர்தர விஞ்ஞான வகுப்புக்குப் பெரும்பாலும் நகரத்துக்கே வரவேண்டும். படுவான்கரைப் பிள்ளை மண்முனைத்துறையில் பாதைக்குக் காத்து நிற்பாள். (வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்காக: எங்கள் ஊரில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) அங்கே பாலம் வந்தது 2014இல்தான்.

ஆகவே 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதியை நான் பெரிய நாளாகக் கருதுகிறேன். அன்று வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. முதலில் வந்தவை விஞ்ஞானமும் விவசாயமும். 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் ஒரு பட்டப்படிப்பு!

நான்கு வருடங்கூட நிம்மதியாகக் கழியவில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, அகதிமுகாமாக மாறியிருந்த அதே வளாகத்திலிருந்து படையினர் 158 பேரைக் கொண்டுசென்றனர். அவர்கள் திரும்பவில்லை. அதன்பின் மகளை அந்த வாயிலுக்குள் அனுப்பிய பெற்றோரின் துணிவை நம் வரலாற்றில் எழுதாமல் விடக்கூடாது. போர் முடியுமுன்பே சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடமும் உருவாகி, மட்டக்களப்பிலேயே மருத்துவம் படிக்க வழி பிறந்தது. நான் படித்த காலத்தில் அது இல்லை.

படிப்பது ஒன்று, தொழிலில் நிலைப்பது வேறு. இதில் எங்கள் பிரதேசத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. தாய்வழிக் குடி முறை வழங்கும் மண் இது. வீடு மகளுக்கே சீதனம். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். முஸ்லிம் சகோதரிகளிடமும் இதே வழக்கம். தாயும் சின்னம்மாவும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். இரவுக் கடமை முடித்து வரும் வைத்தியருக்கும், ஆய்வுகூடத்தில் தாமதிக்கும் விரிவுரையாளருக்கும் இதைவிடப் பெரிய உதவி எது? ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிக்கத்தான் பல தகப்பன்மார் மகளின் மேற்படிப்புக் காசைச் செலவழித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது இடமாற்றம். எனக்கும் தூர மாவட்டமொன்றுக்குக் கட்டளை வந்தது. மகளுக்கு ஒன்றரை வயது. வேலையை விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, தன் பெட்டியையும் கட்டினார். மூன்று வருடம் என்னோடு குவாட்டர்ஸில் இருந்தார். எங்களைவிட அங்கே சிங்களம் வேகமாகப் பழகியவர் அவர்தான்.