ஊமைத்துரையும் திக்குவாயும்

1799 அக்டோபர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட ஆங்கிலேயர், அவர் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில் சிறை வைத்தனர். 1801 பிப்ரவரியில் தப்பிய அவர் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். அவருக்குப் பேச்சே வராது என்று எழுதினார் ஆங்கிலேய அதிகாரி வெல்ஷ். திக்கிப் பேசியவர் என்பாரும் உண்டு. இடது உள்ளங்கையில் வைக்கோல் துரும்புகளை எதிரிப்படையாக அடுக்கி, சீறொலியுடன் மறுகையால் துடைத்தெறிவார். அதுவே தாக்குதல் ஆணை. அந்த ஆணைக்கு ஊரே திரண்டது. 1801 நவம்பரில் அவரும் தூக்கிலிடப்பட்டார்.

ஊமைத்துரைக்கு இருந்ததாகச் சிலர் சொல்லும் திக்குவாய்க்கு நாக்கையும் அச்சத்தையுமே உலகம் நெடுங்காலம் குறை சொன்னது. 2002இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் திக்கிப் பேசுவோரின் மூளையை ஸ்கேன் செய்தனர். இடப்புறத்தில், பேச்சுறுப்புகளை இயக்கும் பகுதிக்கு அடியிலுள்ள வெண்பொருளில் நரம்பிழைகளின் ஒழுங்கு குறைந்திருந்தது. அறிவுக்கும் துணிவுக்கும் இதனால் குறைவில்லை.