தோமோயேயின் கையில் இருந்த ஆயுதம்

பெண் சாமுராய் ஒருத்தியை நாயகியாக்கி நாவல் எழுத உட்காரும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் தோமோயே கோசென். கூடவே ஒரு சித்திரமும் வந்துவிடும்: நீண்ட காம்பில் வளைந்த கத்தி பொருத்திய நாகினாதாவை ஓங்கிப் பிடித்த பெண். ஜப்பானின் 'நோ' நாடக மேடையும் எடோ காலத்து மரச்செதுக்கு ஓவியங்களும் நம் மனதில் பதித்த உருவம் அது. நாவலாசிரியர் அந்த ஆயுதத்தை முதலில் அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட வேண்டும் என்பேன். சின்ன விவரம்போலத் தோன்றும். நாவலின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

பார்வையற்ற பாணர்கள் பீவா என்ற தந்திக்கருவியை மீட்டிப் பாடிவந்த போர்க்காவியமான 'ஹெய்கே மோனோகதாரி'யின் புகழ்பெற்ற வடிவம் 1371இல் எழுத்தில் பதிவானது. அதில் தோமோயேவுக்குக் கிடைப்பவை வலிய வில்லும் பெரிய வாளும். 1184இல், பீவா ஏரிக்கரையில், அவருடைய தலைவன் கிசோ யோஷினாகாவின் படை கரைந்து ஐந்தே குதிரைவீரர்கள் மிஞ்சியபோதும் அந்த ஐவரில் அவர் ஒருவர். உன்னைப்போல் ஒரு பெண்ணோடு சேர்ந்து செத்தான் என்ற பேர் எனக்கு வேண்டாம், போய்விடு என்கிறான் யோஷினாகா. அவர் தயங்கி நிற்கிறார். முப்பது பேரோடு வருகிறான் எதிரி வீரன் ஓந்தா மொரோஷிகே. அவர்களுக்கு நடுவே குதிரையைச் செலுத்தி, அவனை இழுத்துத் தன் சேணத்தின் முன்முகப்பில் அழுத்தி, தலையைத் திருகி அறுத்து எறிகிறார். இது குதிரைவீரனின் போர்முறை. நாகினாதாவோ அன்று பெரும்பாலும் காலாட்களும் மடத்துத் துறவிப் படையினரும் ஏந்தியது. பெண்களின் ஆயுதம் என்று அது பெயர் வாங்கியது பல நூற்றாண்டுகள் கழித்து, சாமுராய் வீட்டு மணப்பெண்ணின் சீர்வரிசையில் சேர்ந்த பிறகுதான். அதைத் தோமோயேவிடம் கொடுத்தால், முன்னணியில் படை நடத்தியவரை வீட்டுவாசல் காப்பவராக்கிவிடுகிறோம்.

தோமோயே பாணர்களின் கற்பனையாகவே இருக்கலாமே, ஆயுதத்தில் என்ன துல்லியம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காமகுரா ஆட்சியின் வரலாற்றுக் குறிப்பேடான 'அசுமா ககாமி' அவரைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் அதே ஏடு இன்னொரு பெண்ணைச் சொல்கிறது. 1201இல் எச்சிகோ நாட்டில் ஜோ குலம் கலகம் செய்தபோது ஹான்காகு என்பவர் சிறுவனைப்போல முடியை முடிந்துகொண்டு, கவசம் பூண்டு, காவல் மேடைமேல் நின்று அம்பெய்தார். அடிபட்டவர் பிழைக்கவில்லை என்கிறது ஏடு. பின்பக்கமாக வந்த அம்பு அவர் கால்களைத் துளைத்த பிறகே பிடிபட்டார். காமகுராவில் ஆட்சித் தலைவர் யோரியியே முன் நிறுத்தியபோதும் அவர் குழையவில்லை. எழுதியவர்கள் அவரைத் தோற்கடித்த தரப்பினர். புகழ்ந்து அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் ஏந்தியதும் வில்தான்.

ஒன்றிரண்டு பெயர்களை வைத்து ஒரு காலத்தை அளக்க முடியுமா? போரிட்ட பெண்கள் அபூர்வம் என்பதை மறைக்கக் கூடாது. மறைத்தால் ஹான்காகுவைக் கண்டு காமகுரா வியந்ததற்கே பொருளில்லாமல் போகும். அந்த அபூர்வம் முளைத்த மண் எது என்பதே நாவலாசிரியர் தேட வேண்டியது. மகள்களும் நிலத்தில் பங்கு பெற்ற காலம் அது. காமகுரா ஆட்சியின் 1232ஆம் ஆண்டு 51 பிரிவுச் சட்டம், பிள்ளையில்லாத பெண் ஒரு வாரிசைத் தத்தெடுத்துத் தன் நிலத்தைக் கொடுக்கலாம் என்றது. ஜிதோ என்ற நில அதிகாரிப் பதவியையும் பெண்கள் வகித்தார்கள். அதோடு படைக்கடமையும் வந்தது. பெரும்பாலும் பிரதிநிதியைத்தான் அனுப்பினார்கள், மெய்தான். ஆனாலும் கடமை அவர்கள் பெயரில் இருந்தது. பின்னர் மகளின் பங்கு ஆயுட்காலத்துக்கு மட்டும் என்று சுருங்கி, மெல்லத் தேய்ந்தது. தன் பெயரில் நிலம் வைத்திருக்கும் தாயைப் பார்த்து வளர்ந்த நாயகி, வில்லை எடுக்க யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கமாட்டாள். ஆணாதிக்கத்தை எதிர்த்து இன்றைய மொழியில் வசனம் பேசவும் மாட்டாள். யோஷினாகாவின் அந்தக் கட்டளை அவளை எங்கே சுடும் என்பதும் இப்போது புரிகிறது. வீரத்தை அவன் சந்தேகிக்கவில்லை, அவளோடு சாகத்தான் வெட்கப்படுகிறான்.

கற்பனைக்கு இடமே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. யோஷினாகா இறந்தபின் காமகுரா வீரன் வாதா யோஷிமோரியை மணந்து அசாஹினா யோஷிஹிதே என்ற மகனைப் பெற்றார் தோமோயே என்று, ஹெய்கேயின் விரிந்த வடிவமான 'கென்பெய் ஜோசுய்கி' கதையை முடித்துவைக்கிறது. கணக்கு உதைக்கிறது: 1213இல் அசாஹினாவுக்கு 38 வயது என்கிறது அசுமா ககாமி. 1184இல் யோஷினாகா இறந்தபோதே அவன் நடமாடும் சிறுவன். அந்தத் திருமணத்தைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஹெய்கே காட்டும் கடைசிக் காட்சிதான்: கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிழக்கு நாடுகளை நோக்கிப் போகிறார். அதற்குப் பிந்தைய தோமோயே முழுக்க நாவலாசிரியருக்கே சொந்தம்.